ஒரு மரண அறிவித்தலில் இரண்டு வெற்றிடங்கள்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்த பொறாமையில் பிறந்த கதை இது. கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி பத்தொன்பது வருடம் பொறுத்திருந்து, காரணமானவனின் கதவைத் தட்டப் போகிறாள். கோட்டுப் பையில் துப்பாக்கி. எனக்கும் அப்படியொன்று எழுத ஆசை. ஆனால் ரொறன்ரோவில் நம் சனத்துக்குத் துப்பாக்கி எதற்கு? ஒரு வீட்டுக்குக் கலியாணக் கார்ட் கொடுக்காமல் விட்டாலே மூன்று தலைமுறைப் பகைக்குப் போதும்.

2
மோர்னிங்சைட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு...

(வேண்டாம். கனடாக் கதை என்றால் பனி கொட்டியே ஆகவேண்டுமா?)

என் கதாநாயகி செலீன் அங்கே தனியாக இருக்கிறார். அஜின்கோர்ட் அச்சகமொன்றுக்கு வீட்டிலிருந்தே மரண அறிவித்தல்கள் ரைப் செய்கிறார். இதுவரை ஒரு பெயரையும் தவறவிட்டதில்லை. காரணம் இருக்கிறது. பதினாறு வருடத்துக்கு முன் கணவன் வினோதன் இறந்தபோது, வினோதனின் அண்ணி இராஜேஸ்வரி கொடுத்த அறிவித்தலில் பெற்றோர், சகோதரர், பெறாமக்களான அண்ணன் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். மனைவி இல்லை. அவன் ஒரு கிறிஸ்தவ வேதக்காரப் பெண்ணைக் கட்டியதை அந்த வீடு கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவீட்டில் யாரோ செலீனிடமே கேட்டார்கள்: "நீங்கள் ஆருக்குச் சொந்தம்?"

அந்தக் கேள்வி அவருக்குள் இன்னும் எரிகிறது.

3
சனிக்கிழமை நாலு மணிபோல செலீனும் அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். (எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையா?) படத்தில் அவள் கதவைத் தட்டக் கையை உயர்த்த, இங்கே வீட்டு மணி அடித்தது. செலீன் படத்தை நிறுத்திவிட்டுப் போய்த் திறந்தார்.

இராஜேஸ்வரி.

"என்ர மனுசன் விடிய மோசம் போயிட்டார், செலீன். அச்சகத்தில கேட்டன். நீர்தானாம் அடிக்கிறது."

(செலீன் கதவை அறைந்து சாத்துவதாகத்தான் முதலில் எழுதினேன். அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.)

"உள்ள வாங்கோ அக்கா. தேத்தண்ணி வைக்கிறன்."

4
இராஜேஸ்வரி எழுதிவந்த தாளில் பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள், 'காலஞ்சென்ற வினோதனின் அன்பு அண்ணனும்' வரை எல்லாம் சரி. இரண்டு பெயர்கள் மட்டும் இல்லை. செலீனின் பெயர், அது அந்த வீட்டுப் பழக்கம். மற்றது, இராஜேஸ்வரியின் சொந்தப் பெயர்.

தன் பெயரைத் துக்கத்தில் மறந்தாரா? தெரிந்தே விட்டாரா? அவரைப் படைத்த எனக்கே தெரியவில்லை.

"எல்லாரும் இருக்கினமோ அக்கா?"

"தெரியேல்லை. நீர் பாரும்."

5
முடிவு அ: இருக்கிறபடியே அச்சாகிறது. செத்தவீட்டில் யாரோ இராஜேஸ்வரியிடம், "நீங்கள் ஆருக்குச் சொந்தம்?" எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

முடிவு ஆ: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இதை ரிவி நாடகக்காரரிடம் விட்டுவிடுவோம்.

அச்சகம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். இப்போது நாலரை. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது. திரையில் அந்தப் பிரெஞ்சுக்காரி உயர்த்திய கையோடு நிற்கிறாள். செலீனின் விரல்கள் விசைப்பலகைமேல். நான் எழும்புகிறேன். என் கதிரையில் நீங்கள் இருங்கள்.

"அன்னார், ............ அவர்களின் அன்புக் கணவரும், ............ அவர்களின் மைத்துனரும் ஆவார்."