வலது முழங்கைக்கு இடம்

ஒரு மனிதனின் முழங்கையைச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் தட்டித் தட்டியே இல்லாமற் செய்துவிட்டார் நீக்கிலாப்பிள்ளை. தட்டும்போது அது முழங்கை என்று அவருக்குத் தெரியாது. பெயின்ற் சுரண்டிய அலுமினியத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புடைப்பு, அவ்வளவுதான். கனடாவுக்கு வருமுன் மன்னாரில் பதினெட்டு வருடம் கார்த் தகரம் தட்டும் ரிங்கர் வேலை செய்து, மாடு முட்டியது, மதில் முட்டியது என்று எல்லாக் காயத்தையும் ஆற்றிய கை அது. ஒரு காரைப் புடைப்போடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அவருக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு நன்றாக இறங்கியது. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை கராஜ் முதலாளி பதியுதீன் அந்தத் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நீக்கிலா, இதுல ஒரு மேடு இருந்திச்சே?"

"ஓம் நானா. எடுத்துப்போட்டன்." பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிட்ட பிள்ளையைப் போல நின்றார் நீக்கிலாப்பிள்ளை. "சும்மா, உங்களுக்காகச் செய்ததுதான்."

பதியுதீன் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "அது ட்ரைவர்ர முழங்கை, மனிசா!"

கராஜின் நடுவில் நின்ற கார் நாற்பது வருடத்துக்கு முந்தியது. அமெரிக்காவில், இண்டியானாவில், ஒரு வீட்டுக் கொட்டகையில் கட்டிய பந்தயக் கார். வட்டப் பாதையில் இடப்பக்கமே திரும்பித் திரும்பி ஓடுவதற்கென்று பிறந்தது. கட்டிய மனிதன் எஞ்சினை நிமிர்த்தி வைக்காமல் படுக்கப்போட்டிருந்தான். அதனால் கார், கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பிள்ளை மாதிரி நிலத்தோடு பதுங்கிக் கிடந்தது. உள்ளே இடம் ஒடுக்கம். ஸ்ரியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் ட்ரைவரின் வலது முழங்கை தகட்டில் இடிக்கும். அதற்காக உள்ளேயிருந்து அடித்து ஏற்றிய மேடுதான் அது. காரை வாங்கித் திருத்தக் கொடுத்திருந்த, அஜின்கோர்ட் பக்கத்துப் பல் டொக்டர், கட்டியவனின் மனைவி மிஸிஸ் ஹால்வர்சனை வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். இதையெல்லாம் வெள்ளிக்கிழமையே பதியுதீன் விளக்கியிருந்தார். நீக்கிலாப்பிள்ளை அப்போது ஒரு பகிடி சொல்லிக்கொண்டிருந்தார். பகிடியும் அவ்வளவு திறமில்லை.

கராஜில் அவருடைய வேலை பெயின்ற் சுரண்டுவது, பெயின்ற் படக்கூடாத இடங்களில் ரேப் ஒட்டுவது, கூட்டுவது. தகரத்தில் கை வைக்கக் கனடா எக்ஸ்பீரியன்ஸ் வேண்டுமாம். தகரத்தில் கை வைக்காமல் அது எங்கேயிருந்து வரும் என்று மூன்று வருடமாகக் கேட்கிறார்.

"என்னை எப்ப நானா தகரத்தில விடுவியள்?"

"பாப்பம்."

பதியுதீனைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஒருவரும் அவருக்கு நேராகப் பதில் சொன்னதில்லை. வேலை கேட்டுப் போனால் கந்தோர்க்காரர் கடிதம் போடுவோம் என்பார்கள். மனைவி வேரோனிக்காவிடம் மீசை வடிவாயிருக்கிறதா என்று கேட்டால், "ஏன், இப்ப அதுக்கென்ன?" என்பாள்.

"வியாழனுக்குள்ள அந்த மேடு திரும்ப வரணும்" என்றார் பதியுதீன். "நீங்கதான் எடுத்தீங்க, நீங்களே வைங்க. அந்த அம்மாட்ட வாய் தொறக்க வேணாம். மேடு வராட்டி..."

"வராட்டி?"

"பாப்பம்."

பயமுறுத்துவதைக்கூட மனிதன் முடித்துச் சொல்ல மாட்டான்.

அந்தக் கார் ஓடிய காலத்தில் எடுத்ததென்று இருந்தது ஒரேயொரு பழைய படம். அதிலும் புழுதிதான் கூட. மேடு எங்கே என்று அளக்க நீக்கிலாப்பிள்ளை ட்ரைவரின் இருக்கையில் இறங்கினார். முழங்கைக்கு இடம் விட்டவர்கள் வயிற்றுக்கு விடவில்லை. பதியுதீன் அக்குளில் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார். பிறகு தகட்டை இளக்குவதற்காக அதில் சவர்க்காரம் பூசி, சவர்க்காரம் மண்ணிறமாகும்வரை சூடுகாட்டி, மணல் மூட்டையில் வைத்து, மரச்சுத்தியலால் உட்பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல ஏற்றத் தொடங்கினார்.

அப்போதுதான் அதைக் கண்டார். சனிக்கிழமை அவர் தொடாத ஓரங்களில் பழைய அடிகள் மிச்சமிருந்தன. அரிசி பரப்பியதுபோல நெருக்கமான, சிறிய அடிகள். ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. அவசரப்படாத கை. இப்படி அடிக்கத் தனக்குப் பத்து வருடம் பிடித்தது என்பது நினைவுக்கு வந்தது. அந்த வேலையைத்தான் அரை நாளில் அழித்துவிட்டு, பெருமையோடு சோறும் தின்றிருக்கிறார். அன்று முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு பகிடியும் வரவில்லை. பதியுதீன் பயந்துபோய் இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை மிஸிஸ் ஹால்வர்சன் வந்தார். எழுபத்தெட்டு வயது, ஒல்லி, ஆண்கள் போடும் ஜக்கெற். டொக்டர் வெளியே காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அவருக்காகக் காத்திராமல் அந்த அம்மா நேரே தகட்டிடம் போய், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். கை மேட்டில் ஏறியது, நின்றது, திரும்பி வந்து மறுபடி ஏறியது.

"இது ஆர் அடிச்சது?" என்றார் ஆங்கிலத்தில்.

"பழைய தகடு, மேடம்... வெயில், மழை..." என்று பதியுதீன் தொடங்கினார்.

நீக்கிலாப்பிள்ளைக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். பொய் சொல்லிச் சமாளிக்க அது காணாது. "நான்" என்றார். "முதல் நான் தட்டி எடுத்துப்போட்டன். பழுது எண்டு நினைச்சன். பிறகு திரும்ப வைச்சனான். அந்தப் பழைய அடி மாதிரி எனக்கு வரேல்ல. உங்கட மனுசன் பெரிய கைகாரன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பதியுதீன் நெற்றியில் கை வைத்தார்.

"எஞ்சினைப் படுக்கப்போட்டது அவர்" என்றார் மிஸிஸ் ஹால்வர்சன். "தகரம் அடிச்சது நான். பந்தயப் புத்தகத்தில அவர்ர பேரை மட்டும் போட்டாங்கள்."

நீக்கிலாப்பிள்ளை அந்த ஒல்லிக் கைகளைப் பார்த்தார். பிறகு மேட்டைக் காட்டினார்.

"அப்ப... இது சரியோ, பிழையோ?"

"பிழை. அரை அங்குலம் முன்னுக்கு நிக்குது." அவர் நீக்கிலாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்து, சந்தையில் மீன் பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்தார். "கை பிழையில்லை. இடம்தான் பிழை."

நீக்கிலாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருடத்தில் பிழை என்று நேராகச் சொன்ன முதல் ஆள். கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. வேரோனிக்காவுக்குப் பயந்து விட்டுவிட்டார்.

மிஸிஸ் ஹால்வர்சன் ஜக்கெற்றைக் கழற்றிப் பதியுதீனிடம் கொடுத்தார். தகட்டைக் காரில் பூட்டச் சொன்னார். பூட்டியதும் ஒரு காலைத் தூக்கிப் போட்டு, மற்றக் காலையும் இழுத்து, ட்ரைவரின் இருக்கையில் சறுக்கி இறங்கினார். அவருக்கு வயிறு இல்லை.

நீக்கிலாப்பிள்ளை அடையாளம் போட வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வெளிப்பக்கம் குந்தினார்.

"நானா, இதைத் திரும்ப அடிக்கிறது ஆர்?"

பதியுதீன் ஜக்கெற்றை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். "பா..." என்று தொடங்கி நிறுத்தினார். இருக்கையில் இருந்த நரைத்த தலையைப் பார்த்தார்.

"நீங்கதான்" என்றார். "இதையும், இனி வாற தகரத்தையும். கூட்டுறதுக்கு வேற ஆள் பாக்கிறன்."

உள்ளேயிருந்து ஒரு முழங்கை தகட்டில் இரண்டு தரம் இடித்தது. அலுமினியம் அதிர்ந்த இடத்தில் நீக்கிலாப்பிள்ளை வெண்கட்டியை வைத்தார்.