பொது மைதானத்தில் ஓர் அரையிறுதி

பிரிவில் முதலிடம் பெற்ற அணிக்கே சொந்த மைதானத்தில் அரையிறுதி என்பது பழைய விதி. அந்த விதி இந்த ஆண்டுதான் மாறிற்று. புதுப்பட்டினத்தை அடுத்த குப்பத்துப் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணி, என்றுமில்லாத திருநாளாய் முதலிடம் பெற்றதும் இந்த ஆண்டுதான். விதியை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தவர் வேறு எவரும் அல்லர். அந்த அணியின் உடற்கல்வி ஆசிரியை ரெஜினாவேதான்.

மூன்றாண்டுகளுக்கு முன் எதிரணியின் ஊரில் ஆடித் தோற்றபோது, கோட்டோர நடுவர் முதல் தண்ணீர் கொடுத்தவர் வரை எல்லாரும் அந்த ஊர்க்காரர்களாகவே இருந்தார்கள். ஆத்திரத்தில் ரெஜினா நான்கு பக்கம் எழுதினாள்: தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டங்கள் யாவும் பொது மைதானத்திலேயே நடைபெறல் வேண்டும். நியாயமான கோரிக்கை. ஆனால் நம் நாட்டில் நியாயம் நடந்துவர மூன்றாண்டு ஆகும். வந்து சேரும் நாளில் கேட்டவர் தலையிலேயே விழும்.

"நீங்க கேட்டதுதானே மேடம்?" என்றார் தொலைபேசியில் போட்டிக் குழுச் செயலாளர் செல்வராஜ். அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும்.

பொது மைதானம் பொத்தேரியை அடுத்திருந்தது. செயற்கைப் புல், சுற்றிலும் கம்பிவலை. மணலில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த பெண்களுக்கு அது கால் பதியாத கம்பளம். எதிரணியாகிய தனியார் பள்ளிக்கோ தினமும் மிதிக்கும் அதே புல். இரு தரப்புக்கும் சமதூரம் என்று கிலோமீட்டரை அளந்தவர்கள், காலுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளக்கவில்லை. வென்றால் மாநிலப் போட்டி. குப்பத்துப் பள்ளி அதுவரை எட்டாத படி.

வேன் பிடித்து வந்த ஊரார் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். மீன் விற்கும் ஆதியம்மாள், கோல்கீப்பர் சுவேதாவின் அத்தை, கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "இன்னாடி சுவேதா, பூட்ஸு மாட்டிகினு பெரிய மனுசியாட்டம் கீற! பந்த உட்டுட்டு வூட்டுப் பக்கம் வந்துடாத!"

பெண்கள் சிரித்தார்கள். நாணயம் சுண்டப்பட்டது, அணித் தலைவி பிரதீபா வென்றாள். "மிஸ், எந்தப் பக்கம் கேக்கறது?"

"எப்பவும் போலத்தான். முதல்ல மேற்கு," என்றாள் ரெஜினா. அவள் யோசிக்கவே இல்லை.

முற்பாதியில் கடற்காற்றை எதிர்த்து ஆடி, காற்று வலுக்கும் பிற்பாதியில் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அடிப்பது குப்பத்து மைதானத்தின் வழக்கம். அப்போது கோல்கீப்பர் மேற்கு நோக்கி நிற்பாள். ஆனால் மேற்கே இருக்கும் சவுக்குத் தோப்பு மாலை வெயிலை விழுங்கிவிடும். பொத்தேரியில் காற்றும் இல்லை, தோப்பும் இல்லை.

ஆட்டம் கோல் இன்றியே நகர்ந்தது. முடிய மூன்று நிமிடம் இருந்தபோது எதிரணிப் பெண் ஒருத்தி பந்தை நடுக்கோட்டிலிருந்து உயரத் தூக்கி அடித்தாள். பந்து வெயிலுக்குள் புகுந்து மறைந்தது. சுவேதா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துத் தேடினாள். மீண்டும் கண்ணில் பட்டபோது அது அவளைத் தாண்டி வலைக்குள் இருந்தது.

ரெஜினா கை குலுக்கினாள், தாளில் கையெழுத்திட்டாள், பெண்களை எண்ணி வேனில் ஏற்றினாள். வேறு எவருடைய கைகளோ இவற்றைச் செய்வதாகத் தோன்றிற்று.

பின்னிருக்கையில் இருந்த பிரதீபா பொத்தேரியிலேயே தொடங்கிவிட்டாள். "லட்டு மாதிரி வந்த பந்து! அத்தக்கூடப் புடிக்கத் தெரில ஒனக்கு. கைல இன்னா வெண்ணெ தடவிகினு வந்தியா?"

"கண்ணு கூசிச்சுடி."

"கண்ணு கூசிச்சாம்! மகாராணிக்கு ஒரு கூலிங்கிளாஸ் வாங்கியாங்கடி!"

வேன் முழுவதும் சிரித்தது. சுவேதா அழுதாள். மறைமலைநகர் போயிற்று, சிங்கப்பெருமாள்கோவில் போயிற்று, செங்கல்பட்டும் போயிற்று. பிரதீபா ஓயவில்லை. முன்னிருக்கையில் இருந்த ரெஜினாவின் வாயில் விடை இருந்தது. வாயைத் திறக்கும் ஆள்தான் உள்ளே இல்லை. திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகே பேசினாள்.

"சுவேதா மேல தப்பு இல்ல. அவள வெயிலப் பாத்து நிக்க வெச்சது நான். அங்க தோப்பு இல்லங்கறத நான் பாக்கல."

சுவேதா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இது எப்ப மிஸ் ஒங்களுக்குத் தெரிஞ்சுது?"

"கோல் விழுந்தப்பவே."

"அப்போ, இவ இத்தினி தூரம் என்னத் திட்டிகினு வந்தாளே, கேட்டுகினுதான் குந்தினு இருந்தீங்களா?"

ரெஜினா ஆம் என்று தலையசைத்தாள். வெட்கம் வரும் என்று காத்திருந்தாள், அதுவும் வரவில்லை.

சுவேதா எழுந்து பின்னிருக்கைக்குப் போனாள். பிரதீபா நகர்ந்து இடம் கொடுத்தாள்.