மான்கொம்புப் பவளத்தின் மேலே

லக்ஷ்மன் அண்ணன் கத்தவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "குமாரி, என் ஷூவைக் கழட்டு" என்றார் என்னிடம். உதடு வெளுத்திருந்தது.

ரப்பர் அடியைத் துளைத்து முள் உள்ளங்காலில் ஏறியிருந்தது. லெப்பு, விஷமுள்ள கல்மீன். கல்லைப் போலவே கிடக்கும். மிதித்த பிறகுதான் மீன் என்று தெரியும்.

மலேசியாவின் கிழக்குக் கரையில் உள்ள மெர்சிங்கிலிருந்து காலையில் கிளம்பி, ஆளில்லாத இந்தச் சிறு தீவுக்குப் பவளம் அளக்க வந்திருந்தோம். அண்ணன் குழுத் தலைவர், தம்போய் ஊர்க்காரர். நான் அவருடைய உதவியாளர், கடலே இல்லாத லாபிஸ் ஊர். படகு ஜாஸிமுடையது. கடல் பூங்காவின் அனுமதி இருந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை.

அந்த விஷத்தின் வலியைச் சூடுதான் அடக்கும். ஃபிளாஸ்கிலிருந்த தேநீரில் துணியை நனைத்துக் கட்டினோம். உடனே ஆறிவிட்டது. அதற்குள் தண்ணீர் வற்றி, படகு பவளத் திட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

"பதறாதீங்க," என்றான் ஜாஸிம். "இப்ப தண்ணி இறங்குது. சாயந்திரம் ஏறிடும், ஜம்முனு போயிடலாம். இப்ப இழுத்தா பவளம் நொறுங்கிடும். பார்க் ஆளுங்க என் லைசென்ஸப் புடுங்கிடுவாங்க லா."

"சாயந்திரம் ஏறாது," என்றேன்.

"என்னது?"

"கொஞ்சம்தான் ஏறும். படகத் தூக்காது. நடு ராத்திரிக்கு மேலதான் முழுசா வரும்."

அவன் சிரித்தான். "அலமாக்! லாபிஸ்ல ஏது கடல், தங்கச்சி? நான் பொந்தியான்ல பொறந்தவன். நாளைக்கு ரெண்டு தடவ ஏறும், ரெண்டு தடவ இறங்கும். சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

அது மேற்குக் கரை. அங்கே இரண்டு ஏற்றமும் ஏறக்குறைய ஒரே உயரம். இந்தக் கிழக்குக் கரையில் சில நாட்களில் ஒன்று பெரிதாக வரும், மற்றது பெயருக்கு வரும். ஜாஸிம் மெர்சிங்குக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதை விளக்க நேரமில்லை. தண்ணீரில் குதித்து, படகின் முன்பக்கத்தைத் தள்ளினேன். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர்.

"பாஸ், இவங்க சொல்றது நிஜமா?"

அண்ணன் கண்ணை மூடியபடியே தலையசைத்தார். "அவ சொல்றது சரி."

ஜாஸிமின் சிரிப்பு நின்றது. அவனும் குதித்தான்.

நாங்கள் உள்ளே வந்த மணல் வாய்க்கால் வற்றிக் கிடந்தது. இடப்பக்கம் பாறை போன்ற பவள உருண்டைகள். மோதினால் படகு பிளந்துவிடும். வலப்பக்கம் ஒரு பள்ளம். அது முழுக்க மான்கொம்புப் பவளம், நுனிகள் தண்ணீருக்குச் சற்றே கீழே. கடல் சூட்டில் வெளுத்துச் செத்துப்போன திட்டு அது. அண்ணன் ஒவ்வொரு பயணத்திலும் வந்து பார்த்து, அது மறுபடி துளிர்த்ததைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். நுனிகள் நீலமாக இருந்தன.

"அங்க போகாத," என்றார்.

"வேற வழி இல்லண்ணே."

"சுத்திப் பாரு. நான் தாங்குவேன்."

வீக்கம் கணுக்காலைத் தாண்டிவிட்டது. தோல் பளபளத்தது. அவர் பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"முடியாது," என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

"பார்க்ல கேட்டா?" என்றான் ஜாஸிம்.

"நான் சொல்லிக்கிறேன். தள்ளுங்க."

படகு ஏறியதும் காய்ந்த சுள்ளி முறிவது போலச் சத்தம் கேட்டது. பிறகு நிற்காமல் கேட்டது. பாதி வழியில் படகு சிக்கியது. இருவரும் தோளைக் கொடுத்து இடமும் வலமும் ஆட்டினோம். என் முழங்காலில் ஏதோ கிழித்தது. அண்ணன் முகத்தைத் தார்ப்பாயில் புதைத்துக்கொண்டார். வலிக்காகவா, சத்தத்துக்காகவா என்று நான் பார்க்கவில்லை.

திடீரென்று காலுக்குக் கீழே தரை இல்லை. திட்டின் விளிம்பு. தொற்றி ஏறினோம்.

ஜாஸிம் இஞ்சினை இறக்கிக் கயிற்றை இழுத்தான். இருமியது. மறுபடி இழுத்தான். நின்றது. மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அதன் பக்கத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சியது.

"இஞ்சின் சூட்டுத் தண்ணி!" என்று கத்தினான். "வாளியப் புடிங்க!"

பிடித்தேன். முழங்கையை விட்டுப் பார்த்தேன். பொறுக்கும் சூடு. அண்ணன் காலை உள்ளே வைத்தேன். அவர் உடல் ஒரு முறை தூக்கிப்போட்டது. கொஞ்ச நேரம் கழித்து, விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

"எவ்வளவு உடைஞ்சிருக்கும்?" என்றார்.

"நடுவுல முழுசாப் போச்சுண்ணே."

அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறுது," என்றார். "இன்னும் புடி."

நான் மறுபடி குனிந்தேன். முன்னால் கரை இன்னும் தெரியவில்லை.