கண்காணிப்புக் கிணறு

"இந்தப் படுகையில் ஓடும் ஒவ்வொரு துளியும் சரித்திரத்தின் சாட்சி. அத்தனை துளிக்கும் கணக்கு வைத்த மாமனிதர் இதோ உறங்குகிறார்" என்று நதிநீர் ஆணையத் தலைவர் கூடத்தில் தழுதழுத்துக்கொண்டிருந்தபோது, கொல்லையில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மகள் ஓடிப்போய்க் குழாயை மூடினாள்.

"மூடாதேடி, மாமா குளிச்சிட்டிருக்கான்," என்றாள் அம்மா. அழுது தொண்டை கட்டியிருந்தது, அதிகாரம் கட்டவில்லை.

"காலைலேருந்து மோட்டார் ஓடுதும்மா."

"ராத்திரியெல்லாம் பஸ்ல வந்த சனம். குளிக்காம உக்காருன்னு சொல்லட்டுமா?"

கொல்லையில் மோட்டார் ஓடிய கிணறு குடும்பச் சொத்தல்ல, ஆணையத்துடையது. ஆறு மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் பொது. ஆற்றுத் தண்ணீரை மதகில் அளந்துவிடலாம். பூமிக்கடியில் இருப்பதை என்ன செய்வது? யாரும் தொடக் கூடாத ஆழ்துளைக் கிணறு ஒன்றைப் போட்டார்கள். அதன் மட்டம் இறங்கினால், மேல்பகுதிக்காரர்கள் கள்ளத்தனமாக நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள் என்று பொருள். தண்டனையாக ஆற்றில் அவர்கள் பங்கு குறையும். கிணறு வாய்த்த இடம் ஆணையக் குடியிருப்பு, நீர்க்கணக்கு அதிகாரியான அப்பாவின் கொல்லை.

ஒரு கோடையில் நகராட்சிக் குழாய் காற்றை மட்டும் விட்டது. ரெண்டு நாளைக்கு என்று சொல்லி அம்மா கிணற்றில் மோட்டார் வைக்கச் சொன்னாள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

கையால் மட்டம் பார்த்த காலத்தில் பிரச்சினை இல்லை. அப்பா தினமும் வீட்டில் விசாரணை நடத்துவார். "யார் யார் குளிச்சீங்க? தலைக்கா, மேலுக்கா?" அதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் மட்டம் எழுதுவார். போர்வை துவைத்த நாளில்கூடப் படுகையின் சமநிலை குலைந்ததில்லை. அலுவலகத்தில் அவருக்குத் துளியார் என்று பெயர். பிறகு தானியங்கிக் கருவி வந்தது. மட்டம் நேராக அதிகாரிகளின் கைபேசிக்குப் போனது. கழிக்க வழியில்லை. சின்னச் சரிவுகளுக்குக் கருவி வாய் திறக்காது, பெரிதானால் கூவும். அன்றுமுதல் அப்பா சாப்பாட்டுப் பையில் ஒரு துண்டும் சோப்பு டப்பாவும் வைத்துக்கொண்டு விடியுமுன் வேலைக்குக் கிளம்பினார். கடமை உணர்ச்சி என்று அலுவலகம் ஒரு கேடயம் கொடுத்தது.

கூடத்தில் மூன்று கைபேசிகள் ஒன்றாகக் கூவின.

"சார், மட்டம் சரியுது!" என்றார் கீழ்ப்பகுதிப் பொறியாளர். "துளியார் கண்ணை மூடின மறுநாளே ஆரம்பிச்சிட்டாங்க. சாவு வீட்டுல நிக்கிறோம்கிற கூச்சம்கூட இல்ல."

"யோவ், நான் கையில பூவோட உன் பக்கத்துல நிக்கிறேன்," என்றார் மேல்பகுதிப் பொறியாளர். "இங்கேருந்து ஸ்ட்ரா போட்டா உறிஞ்சுறேன்?"

"சாயந்தரமே மதகை மூடணும் சார்."

"மூடினா எங்க பயிரு மொத்தமும் கருகிடும். அப்புறம் எல்லாருக்கும் சேத்து நீங்களே பூ வாங்கிட்டு வாங்க."

தலைவர் கை உயர்த்தினார். "அவர் முன்னாடி சண்டை வேணாம். ரெண்டு நிமிஷம் மௌனம். அப்புறம் மதகை மூட நானே போன் போடுறேன்."

எல்லோரும் தலை குனிந்தார்கள். அந்த மௌனத்தில், வீட்டின் பின்னாலிருந்து மோட்டார் நிதானமாக முனகியது. கீழ்ப்பகுதிக்காரரின் காது மெல்லத் திரும்பியது.

மகள் நழுவிப் போய் சுவிட்சை அணைத்தாள். சொன்னால் அப்பாவின் பெயர் போகும், அம்மாவுக்கு வரும் பென்ஷனும் போகலாம். சொல்லாவிட்டால் ஊர் பேர் தெரியாத யாருடைய பயிரோ போகும். காலையில் அப்பாவைக் குளிப்பாட்டிய பெரிய தொட்டி சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது.

அவள் திரும்பியபோது தலைவர் கைபேசியை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க, நின்னுடுச்சு! நம்ம மௌனத்துக்கு நிலத்தடி நீரே மரியாதை செலுத்துது!"

"இது பயம் சார்," என்றார் கீழ்ப்பகுதிக்காரர்.

குளியலறைக் கதவு திறந்தது. இடுப்பில் துண்டும் தலை நிறைய நுரையுமாக மாமா சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். "எவன் கெணத்து மோட்டார நிறுத்துனது? கண்ணு எரியுதுய்யா!"

"எந்தக் கிணத்து மோட்டார்?" என்றார் மேல்பகுதிப் பொறியாளர், மிக மெதுவாக.

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். வாரிவிட்ட முடி காதோரம் இன்னும் ஈரமாக இருந்தது.

"கண்காணிப்புக் கிணறுதான் சார். மதகை மூடாதீங்க. எல்லாம் நாங்க குளிச்ச தண்ணி," என்றாள் மகள்.

"துளியாருமா?" என்றார் தலைவர்.

"கருவி வெச்சதுலேருந்து அப்பா ஆபீஸ் பாத்ரூம்லதான் குளிப்பாரு."

தலைவர் கைபேசியில் விரலால் பின்னோக்கித் தள்ளினார். விடிகாலையில், மற்றச் சரிவுகளுக்கெல்லாம் முன்னால், சின்னதாக ஒன்று இருந்தது. "அப்ப இது?"

"அது அப்பா."

இந்த முறை மௌனத்தை யாரும் அறிவிக்கவில்லை.

"என் தம்பிக்குத் தலை அலச மட்டுமாவது தண்ணி விடுங்க," என்றாள் அம்மா.

அதிகாரிகள் மூவரும் வாசலுக்குப் போய்க் கலந்து பேசினார்கள். அரை வாளி தரலாம் என்பதில் ஒற்றுமை ஏற்பட்டது. அதை எந்தப் பகுதியின் பங்கில் எழுதுவது என்பதில் ஏற்படவில்லை.

மாமா கண்ணை மூடிக்கொண்டு கூடத்தில் நின்றார். தலையில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது.