தலைச் சுற்றளவு

தலையின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எழுதவும் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். எழுபத்தாறு வயது எய்லாவை இதுவரை யாரும் கேட்டிராத கேள்வி அது. இடுப்பளவு கேட்டிருக்கிறார்கள், செருப்பளவு கேட்டிருக்கிறார்கள். தலையை ஒருவரும் சட்டை செய்ததில்லை. தையல் டப்பாவிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று சுற்றிப் பார்த்தாள். ஐம்பத்தாறு. நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை சுற்றினாள். அதே ஐம்பத்தாறு. பேனாவால் அழுத்தி எழுதினாள்.

பட்டம் பெற்று ஐம்பது ஆண்டு ஆனவர்களைப் பல்கலைக்கழகம் திரும்ப அழைத்துத் தலையில் லாரல் இலை வளையம் சூட்டுகிறது. அதற்குத்தான் அளவு. எய்லா படித்த காலத்துப் பிள்ளைகள் வளையமெல்லாம் பணக்கார வேஷம் என்று சொன்னதில் அந்த வருடங்களில் விழாவே நடக்கவில்லை. எய்லாவும் அப்போது வாய்கிழிய அப்படித்தான் பேசினாள். சான்றிதழ் தபாலில் வந்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஹெல்சிங்கி முழுக்க ஏறி இறங்கினாள். தாவரவியல், அதிலும் சதுப்புநிலப் பாசி படித்தவளுக்கு வேலை கொடுக்க யாரும் காத்திருக்கவில்லை. கடைசியில் பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்குப் போனாள். படித்தவர்களை எடுத்தால் கோடை முடிவதற்குள் ஓடிவிடுவார்கள் என்று மேற்பார்வையாளர் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. விண்ணப்பத்தில் ஆரம்பப் பள்ளியோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு கோடைக்கு என்று போனவள் முப்பத்துமூன்று வருடம் இருந்தாள்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் கணவன் ஓலவி. அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளைகள் இல்லை. ஒருவர் தானாகச் சொல்லாததைக் கிளறிக் கேட்பது அவர்கள் ஊரில் அநாகரிகம். அந்த நல்ல பழக்கம்தான் அவளைக் காப்பாற்றி வந்தது.

படிவத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. உடன் வருபவர் பெயர். எய்லாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மைரேதான். சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு மூலை. எய்லாவின் எதிர்ப்பக்க இரண்டு மூலைகளை அத்தனை வருடமும் பிடித்திருந்தவள் மைரே. ஓய்வுபெற்ற பிறகு இதே கட்டடத்தில் கீழ்வீட்டுக்குக் குடிவந்தாள். புதன்கிழமை ஐந்து மணிக்குக் கட்டடத்தின் சவுனா, அதாவது நீராவிக் குளியலறை, அவர்கள் இருவருக்கும்.

அந்தப் புதன்கிழமை உடம்பு நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்து எய்லா ஆரம்பித்தாள்.

"மைரே, மே மாசக் கடைசியில ஒரு நாள் என்கூட வர்றியா?"

"செத்துப்போகலேன்னா வர்றேன். எங்க?"

"பல்கலைக்கழகத்துல ஒரு விழா."

"அங்க உனக்கு என்னடி ஜோலி? மேஜைவிரிப்பு வெளுக்க ஆள் கெடைக்கலையாமா?"

எய்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் சொல்லிவிட்டாள். "எனக்குத்தான்டி விழா. நான் அங்க படிச்சவ. முதுகலைப் பட்டம். அம்பது வருஷம் ஆச்சுன்னு கூப்பிட்டுத் தலையில லாரல் இலை வளையம் வைக்கிறாங்க."

"சூப்புல போடுவோமே, அந்த இலையா?"

"அதேதான்."

மைரே தாங்கள் உட்கார்ந்திருந்த மேல்பலகை அதிரச் சிரித்தாள். "புளுகுணி! தலையில ஒரு கேரட்டையும் சேர்த்து வெச்சுக்கோ." பிறகு எய்லாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"நெசமாவா?"

"நெசம்."

"எப்ப படிச்சே?"

"சலவைக்கு வர்றதுக்கு முன்னாடியே."

ஆவி எழுப்பச் சூடான கல்லில் தண்ணீர் ஊற்ற எடுத்த கரண்டியை மைரே வாளியில் திரும்ப வைத்தாள். கோபித்துக்கொள்வாள் என்று எய்லாவுக்குத் தெரியும். ஒரு வாரம் முகத்தைத் திருப்புவாள், ஏலக்காய் பன் சுட்டுக் கொண்டுபோனால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள். மைரேயின் மகன் வேசாவை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

"அப்போ வேசா விஷயத்துல நீ சொன்னது?" என்றாள் மைரே.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய பேச்சு அது. நாட்டின் பொருளாதாரம் படுத்துக்கொண்டு, வீட்டுக்கொருவர் வேலையில்லாமல் இருந்த நேரம். மைரேயின் ஒரே மகன் வேசாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலுக்கு இடம் கிடைத்தது. அதே வாரம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலையும் வந்தது. விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்தபடி மைரே கேட்டாள்: "நம்ம ரெண்டு பேருக்கும் இந்தப் படிப்பு கிடிப்பு ஒண்ணும் தெரியாது. ஆனாலும் நீ கொஞ்சம் வெவரமானவ. பையனை என்ன பண்ணச் சொல்லட்டும்?"

அதற்கு இரண்டு நாள் முன்புதான் எய்லாவுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஓர் அருங்காட்சியகத்தின் பாசித் தொகுப்பில் உதவியாளர் வேலைக்கு யாருக்கும் சொல்லாமல் எழுதிப் போட்டிருந்தாள். வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், நன்றி என்று பதில். நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது.

"படிப்பு சோறு போடாதுடி," என்றாள். "கண்ணெதிர்ல வேலை இருக்கு. அனுப்பு." இருவரும் மூலைகளைச் சேர்த்து விரிப்பை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்கள்.

வேசா முதுகு போகும்வரை பெட்டி தூக்கினான். இப்போது உடல்நலமில்லை என்று ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு பக்கத்து ஊரான கெரவாவில் தனியாக இருக்கிறான். பழம்பொருள் சந்தையில் பல்கலைக்கழகப் பாடப்புத்தகங்களை வாங்கிவந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போடுவான். நோட்டு நோட்டாக நிரப்பியிருக்கிறான் என்று மைரே பெருமையோடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். எய்லா ஒவ்வொரு தடவையும் நல்ல பழக்கம் என்று சொல்லியிருக்கிறாள்.

மைரே பலகையிலிருந்து இறங்கித் துண்டைச் சுற்றிக்கொண்டாள்.

"நீ தெரியாம சொன்னேன்னுதான் இத்தனை வருஷம் நெனச்சேன். ரெண்டு முட்டாளுங்க சேர்ந்து எடுத்த முடிவு, யாரைக் குத்தம் சொல்றதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்." கதவைத் திறந்தாள். "அங்க ஒரு முட்டாள்தான் இருந்திருக்கா."

குளிக்காமலே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எய்லாவின் வீட்டு மணி அடித்தது. மைரே செருப்பைக் கழற்றவில்லை. கோட்டுப் பொத்தானையும் அவிழ்க்கவில்லை. வாசல் மிதியடியிலேயே நின்றாள்.

"காபி போடவா?"

"வேணாம். ஒரே ஒரு கேள்வி. இதுக்காவது உண்மையைச் சொல்லு. அன்னைக்கு நீ என்ன சொல்லியிருக்கணும்?"

தப்பித்துக்கொள்ள எய்லாவுக்கு வழி இருந்தது. என் கதியைப் பார்த்தாயா, அதையேதான் இன்றும் சொல்வேன் என்று சொல்லியிருக்கலாம். பாதிக்கு மேல் நியாயமாகவும் இருந்திருக்கும். ஆனால் அது பொய்.

"படிக்க அனுப்புன்னு சொல்லியிருக்கணும்."

"படிச்சிட்டு உன்னை மாதிரி அழுக்குத்துணி அள்ளப் போயிருந்தாலும்?"

"போயிருந்தாலும். நான் படிச்ச அந்த ஏழு வருஷம் என்னோடது மைரே. சம்பளத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இஸ்திரி உருளை முன்னாடி நிக்கிறப்ப பாதி நேரம் நான் சதுப்புலதான் நின்னுட்டு இருந்தேன். உனக்குத் தெரியாது. அப்படி ஒதுங்க எனக்கு ஒரு எடம் இருந்துச்சு. உன் புள்ளைக்கு அது இல்லாமப் பண்ணிட்டேன். பொறாமைதான். வேற என்ன சொல்ல? எனக்கு ஆகாதது அவனுக்கு மட்டும் ஆகிடுமான்னு ஒரு பொறாமை."

மைரே கதவுப்பிடியில் கை வைத்தாள்.

"இதை அவன்கிட்ட சொல்லிடாதே," என்றாள். "எய்லா அத்தை அன்னைக்குச் சொன்னது சரிதாம்மா, படிச்சவனெல்லாம் தெருவுல நிக்கிறான்னு இன்னைக்கும் சொல்லிட்டிருக்கான். பெருசா ஒண்ணும் எழந்துடலேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"சொல்லமாட்டேன்."

"அந்த விழாவுக்குப் பேப்பர்ல பேர் போடுவாங்களா?"

"போடுவாங்க. போட்டோகூட."

"அவன் பேப்பரை ஒரு வரி விடாம படிப்பான்."

போகாதே என்று மைரே வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கமாட்டாள் என்று எய்லாவுக்கும் தெரியும். படியிறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

எய்லா சமையலறையில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள். ஆசை இல்லாமல் இல்லை. வெட்கப்படுகிற அளவுக்கு ஆசை இருந்தது. கறுப்பு கவுன் ஒன்று வாங்கி அலமாரியில் தொங்கவிட்டிருந்தாள். வாத்தியத்தோடு வரிசையாக நடந்துபோவதை, பெயரைச் சத்தமாக வாசிப்பதை, எத்தனையோ முறை மனதுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். ஐம்பது வருடத்தில் அந்தப் படிப்பை வைத்து யாராவது அவளைக் கூப்பிட்டது இந்த ஒரு தடவைதான்.

கலந்துகொள்ள இயலாது, பெயரை எங்கும் வெளியிட வேண்டாம் என்று எழுதினாள். ஐம்பத்தாறை அடிக்கக் கை வரவில்லை. அதை அப்படியே விட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த புதன்கிழமை மைரே வருவாளா என்று தெரியாமலே கீழே போனாள். பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. மைரே எப்போதும் உட்காரும் மேல்பலகைக்கு ஏறாமல் கீழ்ப்பலகையில் உட்கார்ந்தாள்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன். வரலேன்னு."

மைரே கல்லில் தண்ணீர் ஊற்றினாள். சூடு எழுந்து வந்து இருவர் தோளிலும் இறங்கியது.

"ஏழு வருஷம் என்னதான் படிச்சே?"

"பாசி."

"பாசியா? வெறும் பாசியை ஏழு வருஷமா?"

"சதுப்புல வளருமே, அது."

வேறு நாளாக இருந்தால் மைரே இதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பாள். இப்போது, "சொல்லு," என்றாள்.

எய்லா தயங்கித் தயங்கித்தான் தொடங்கினாள். அது மேலே வளர்ந்துகொண்டே கீழே செத்துக்கொண்டிருக்கும், செத்தது அழுகாது, வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சேர்ந்துகொண்டே போகும் என்றாள். தன் எடையைப் போல இருபது மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாள். ஆயிரம் வருடத்துக்கு முன் விழுந்த பூந்தூள் அதற்குள் அப்படியே இருக்கும், இந்த ஊரில் அன்று என்ன மரம் நின்றது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம் என்றாள். சொல்லச் சொல்லக் கைகள் தாமாக அசைந்தன. பல வருடமாக வாயில் வராத லத்தீன் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மைரே குறுக்கே பேசாமல் கேட்டாள்.

ஆறு மணி ஆகிவிட்டது. அடுத்த முறைக்காரர்கள் வெளியே வந்து பேசிக்கொண்டு நிற்பது கேட்டது. எய்லா நிறுத்தினாள். மைரே எழுந்திருக்கவில்லை. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேசா இதைக் கேட்டிருந்தா," என்றாள், "உன்னைத் தூங்கவே விட்டிருக்கமாட்டான்டி."