கசாப்பு அறையில் இருந்தவர்கள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்: ஆமோஸ் வெண்டல் ஆகிய நான், என் தங்கை வெர்னா, அவள் மகன் லூதர், ஷேன் ப்ரூயிட், அவனுடைய கூட்டாளி டென்னி, டென்னியின் காதலி கொரின். வாசல் திரைக்கு அப்பால் தங்கள் முறைக்காகக் காத்திருந்த ஒரு கூட்டமும் இருந்தது. அவர்களை நான் சாட்சிகளாகக் கணக்கில் எடுப்பதில்லை. திரை இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கை தட்டியவர்கள் அவர்கள்.

எங்கள் பண்ணைக் களஞ்சியம் அக்டோபர் மாதம் முழுவதும், ஜனங்கள் காசு கொடுத்துப் பயந்துவிட்டுப் போகிற பேய் வீடாகிவிடும். என் அப்பா தொடங்கியது. ஓஹையோவில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஹாலோவீன் காலம் என்றால் வெண்டல் பண்ணைதான். முதலில் சோளக் காட்டுக்குள் வழி தொலைவார்கள். வைக்கோல் வண்டியில் ஒரு சுற்றுப் போவார்கள். சூடான ஆப்பிள் சாறும் டோனட்டும் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் களஞ்சியத்துக்கு வந்து அலறுவார்கள். அப்பா ஒரே ஒரு விதி வைத்திருந்தார். வெண்டல் குடும்பத்து ஆள் எவனும் வந்தவர்மேல் விரல் வைக்கக் கூடாது. அலற வைக்கலாம், ஓட வைக்கலாம், தொடக் கூடாது. மற்றப் பேய் வீடுகளில் அடிதடி, வழக்கு எல்லாம் நடந்திருக்கிறது. எங்களிடம் நடந்ததில்லை.

கடைசி அறை கசாப்பு அறை. அங்கே கறுப்பு அங்கியோடு உயரமான நாற்காலியில் நீதிபதியாக நான் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்களுக்கு மரண தண்டனை சொல்லி பெரிய மரச் சுத்தியலால் மேஜையில் ஓங்கித் தட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டதும் பிளாஸ்டிக் திரைக்குப் பின்னாலிருந்து மோட்டார் ரம்பத்தோடு லூதர் பாய்வான். ரம்பத்தில் அறுக்கும் சங்கிலி இருக்காது. சத்தமும் புகையும் மட்டும்தான். பலகைத் தடுப்புக்குப் பின்னால் வெர்னா விளக்குகளைப் பார்த்துக்கொள்வாள். யாராவது மயங்கி விழுந்தால் "விளக்கு!" என்று கத்துவோம். அவள் எல்லாவற்றையும் போட்டுவிடுவாள்.

லூதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் வசந்த காலத்தில் ஒரு மதுக்கடையில் ஷேனின் அண்ணனை அடித்துத் தாடையை உடைத்தவன் அவன். யார் முதலில் கை நீட்டினார்கள் என்பதற்கு ப்ரூயிட் வீட்டில் ஒரு கதை, எங்கள் வீட்டில் ஒரு கதை. நீதிமன்றம் லூதரைச் சிறைக்கு அனுப்பாமல் ஒரு நிபந்தனையோடு வெளியே விட்டது. இனி யார்மீதாவது அவன் கை விழுந்தால் நேராகச் சிறைதான். அவன் மனைவி அப்போது கர்ப்பிணி. அவன் கை விழாது என்று எங்கள் குடும்பப் பெயரைச் சொல்லி நீதிமன்றத்தில் உறுதி கொடுத்தவன் நான்.

அன்று இருட்டத் தொடங்கியபோதே நல்ல கூட்டம். ஷேன், டென்னி, கொரின் மூவரும் சிரிப்பும் கூச்சலுமாக உள்ளே வந்தார்கள். கொரின் பின்னாலிருந்து டென்னியின் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"நீ முன்னாடி போடா. நீதான பெரிய வீரன்."

"போறேன்டி. சட்டையக் கிழிச்சிராத."

"முதல் ரூம்ல பொம்மையப் பாத்துக் கத்துன ஆளுதான நீ!"

"அது பொம்மையா? கண்ணு உருண்டுச்சு, சத்தியமா!"

நல்ல பிள்ளைகள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் வருடாவருடம் களஞ்சியத்தைத் திறக்கிறோம். ஷேன் கடைசியாக வந்தான். தொங்கிய எலும்புக்கூடுகளையோ தரையிலிருந்த தலைகளையோ அவன் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆளை அடையாளம் தெரிந்தும் நான் சுத்தியலைத் தட்டினேன். எங்கள் வாசலைத் தாண்டி வந்தவன் யாராக இருந்தாலும் விருந்தாளி.

லூதர் பாய்ந்தான். கொரின் வீறிட்டு டென்னியின் மேல் விழுந்தாள். இருவரும் விழுந்து சிரித்தார்கள். ஷேன் நகரவில்லை. லூதரின் முகத்தில் ஒரு குத்து விட்டான்.

இது எங்களுக்குப் புதிதல்ல. பயத்தில் தானாகவே கை ஓங்குகிறவர்கள் உண்டு. லூதர் ஒரு எட்டுப் பின்வாங்கி மறுபடியும் ரம்பத்தை உறுமவிட்டான். இரண்டாவது குத்து வயிற்றில் விழுந்தது. ரம்பம் கைநழுவித் தரையில் விழுந்து, அணையாமல் சுற்றிச் சுற்றி இரைந்தது.

"என்ன கசாப்புக்காரா, கை வரலையா? எங்கண்ணன்கிட்ட மட்டும் வந்துச்சே!"

லூதர் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்த் தன் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் ஷேன். போயிரு."

"போறேன். ஒரே ஒரு அடி அடி, போயிடறேன். அடிடா! உன் பொண்டாட்டி தனியாப் பெத்துக்கட்டும்!"

"டேய் ஷேன், செம நடிப்புடா!" என்று டென்னி கத்தினான். "நீயும் இவங்க ஆளா? எங்ககிட்டச் சொல்லவே இல்ல!"

அவனைக் குறை சொல்ல முடியாது. வந்தவர்களோடு வந்தவனாகச் சொந்த ஆளை நுழைத்துச் சண்டை நடிக்க வைப்பது பேய் வீடுகளில் வழக்கம்தான். நான் "விளக்கு!" என்று கத்தினேன். ரம்பத்தின் இரைச்சலில் அது வெர்னாவின் காதுக்குப் போகவில்லை. "நிறுத்துடா!" என்றேன். வாசல் திரைக்கு வெளியே விசில் பறந்தது. "தாத்தா சூப்பர்!" என்றான் ஒருவன்.

நான் சுத்தியலோடு நாற்காலியிலிருந்து இறங்கத் தொடங்கினேன். என் இடுப்பு எலும்பு ரொம்ப நாளாகப் பழுது. படி இறங்க நேரமாகும். அதற்குள் ஷேன் லூதரின் முழங்காலில் உதைத்து அவனை மண்டியிட வைத்தான். விலாவில் உதைத்தான். பிறகு வாயில். அந்த உதையில் தெறித்த ரத்தம் கொரினின் கன்னத்தில் பட்டது. அவள் சிரித்துக்கொண்டே துடைத்தாள். அப்புறம் விரலைப் பார்த்தாள்.

எங்கள் போலி ரத்தம் சோளப்பாகில் சாயம் கலந்தது. களஞ்சியத்தில் அடுப்பு கிடையாது. அக்டோபரில் அந்த வாளிக்குள் கை விட்டால் விரல் விறைக்கும்.

"டென்னி, இது சூடா இருக்குடா."

"என்னடி?"

"ரத்தம்டா! நிஜ ரத்தம்! ஐயோ, யாராவது நிறுத்துங்களேன்!"

கூட்டம் ஆரவாரித்தது. அவ்வளவு நல்ல அலறலை அவர்கள் அன்று கேட்டிருக்கவில்லை.

டென்னி பாய்ந்து ஷேனைப் பின்னாலிருந்து பிடித்தான். ஷேன் முழங்கையால் இடித்ததில் அவன் மூக்கு உடைந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்தான். ஷேன் லூதரின் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தூக்கி, அதில் காறித் துப்பினான். மாறி மாறி அறைந்தான்.

லூதரின் வலது கை வாரை விட்டது. விரல்கள் மடங்குவதை நான் பார்த்தேன். ஷேனும் பார்த்தான். சிரித்தபடி, குனிந்து தன் முகத்தை முன்னால் நீட்டினான். அவன் வந்ததே அதற்குத்தான். அந்தக் கை எழுந்தால் லூதரும் போனான், நான் கொடுத்த வாக்கும் போயிற்று.

நான் முந்திக்கொண்டேன். முதல் அடி ஷேனின் தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு விட்டுப்போனது சுத்தியல் வழியாக என் கைக்கே தெரிந்தது. அவன் லூதரின் முடியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். அடுத்த அடி வாயில். வாழ்நாள் முழுவதும் வேலிக்கம்பம் அடித்த கை இது. ஷேன் மல்லாந்து விழுந்தான். அவன் பற்கள் ரப்பர் தலைகளுக்கு நடுவே சிதறின.

கூட்டம் கை தட்டியது.

நான் குனிந்து ரம்பத்தை அணைத்தேன். பிறகு சாதாரணக் குரலில் "விளக்கு" என்றேன். வெர்னா எல்லா விளக்குகளையும் போட்டாள். வெளிச்சத்தில் எங்கள் போலி ரத்தம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது, நிஜ ரத்தம் கறுத்திருந்தது. ஒவ்வொருவராகக் கை தட்டுவதை நிறுத்தினார்கள்.

வெர்னா ஓடி வந்தாள். "ஐயோ லூதர்! அண்ணா, இவன் யார்மேலயாவது கை வெச்சானா? சொல்லுங்கண்ணா, வெச்சானா?"

"வைக்கல."

"மாமா," என்றான் லூதர், "நீங்க எதுக்கு மாமா..."

"பேசாத. உதடு கிழிஞ்சு தொங்குது."

போலீஸ்காரன் வந்து யார் அடித்தது என்று கேட்டான். சுத்தியலை அவன் கையில் கொடுத்தேன்.

"அங்கியக் கழட்டிருங்க ஐயா," என்றான் தயக்கத்தோடு.

"இப்படியே வர்றேன். வெலங்கப் போடுப்பா."

சோளக் காட்டோரம் வரிசையில் நின்றவர்கள் விலங்கோடு போகும் நீதிபதியைக் கண்டு குதூகலித்தார்கள். சிலர் படம் எடுத்தார்கள். நான் தலை குனியவில்லை.

ஷேனுக்கும் தண்டனை கிடைத்தது, எனக்கும் கிடைத்தது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். வருந்துகிறேனா என்று கேட்டபோது இல்லை என்றேன். அப்பாவின் விதியை மீறியவன் நான் என்பதால் அந்த நாற்காலியில் இனி உட்கார மாட்டேன். லூதருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது அவன் பக்கத்தில் இருந்தான்.

தீவனக் கடையிலும் சர்ச் விருந்திலும் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. அடித்தது லூதர்தானாம். வயதானவன் உள்ளே போனால் போகிறான் என்று பழியை நான் ஏற்றுக்கொண்டேனாம்.

லூதர் அடிக்கவில்லை. நான் அடித்தேன்.