டோரதியின் மேசைமேல் இரண்டு மிஷின்கள்

டோரதியின் மேசைமேல் ஒரு வாரமாக இரண்டு டைப் மிஷின்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று, ராயபுரத்தில் மனு அடித்துப் பிழைக்கும் அவளுக்கு 'டைப்பம்மா' என்று பேர் வாங்கிக் கொடுத்த இங்கிலீஷ் மிஷின். இன்னொன்று, பழைய மிஷின்களை மாற்றிக் கொடுக்கும் யானைக்கவுனி ரோஷன் சேட்டு இறக்கிவிட்டுப் போன தமிழ் மிஷின். "சர்க்கார் ஆபீஸெல்லாம் தமிழுக்கு மாறிட்டு வருது. அடிச்சுப் பாருங்கம்மா. சனிக்கிழமை வந்து ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றிருந்தார். இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை.

அவளுக்குத் தமிழ் மிஷின் பிடிக்கவில்லை. புள்ளியை முதலில் தட்டிவிட்டு அப்புறம் எழுத்தைத் தட்டணுமாம். இது என்ன கூத்து! இங்கிலீஷில் பேய் மாதிரி ஓடுகிற விரல்கள் இதில் தடவித் தடவி நின்றன. உண்மையைச் சொல்வதானால், விரல் ஒரு சாக்குத்தான். இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். காட்டின இடத்தில் கையெழுத்தைப் போட்டு, ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போவார்கள். தமிழில் அடித்தால் ஆளாளுக்கு நாட்டாமை பண்ண வந்துவிடுவார்கள். அந்த மரியாதையை விட அவளுக்கு மனசில்லை.

காலையில் வியாசர்பாடி சொக்கம்மாள் வந்தாள். அவள் புருஷன் நீலமேகம் போன வருஷம் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அவன் வேலையைத் தனக்குக் கேட்டு டோரதியிடம்தான் மனு அடித்து வாங்கிப் போனாள். கம்பெனி முடியாது என்றுவிட்டது. இப்போது லேபர் ஆபீசருக்கு ஒரு மனு வேண்டும்.

சரி, இதிலேயே அடித்துப் பார்ப்போம் என்று டோரதி தமிழ் மிஷினில் தாளைச் செருகினாள். வழக்கமான வாசகங்கள்தான், தமிழாக்கி அடித்தாள். சொக்கம்மாள் நாலாங்கிளாஸ் வரை படித்தவள். கையெழுத்துப் போடக் குனிந்தவள், விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள்.

"'என் கணவர்... தனது கவனக்குறைவால்... தவறி விழுந்து...' இன்னாக்கா இது? அவுரா தவறி வுயுந்தாரு? கவுறு அறுந்துச்சு. உளுத்துப்போன கவுறுன்னு அவரே சொல்லிக்கீறாரு. அன்னிக்கே உன்கிட்ட அயுதுகினே சொன்னேனே!"

"அப்படித்தாண்டி எழுதணும். தப்பை நம்ம மேல போட்டுக்கினாத்தான் பெரிய எடத்துல மனசு எறங்கும். எல்லாருக்கும் அப்படித்தான் அடிக்கிறேன்."

சொக்கம்மாள் நிமிர்ந்தாள். "அப்போ, மின்ன இங்கிலீசுல அடிச்சுக் குடுத்தியே, அதுலயும் இதேதானா?"

டோரதி "ஆமா" என்றாள்.

"அத்தப் படிச்சுட்டுத்தான் அந்த மேனேஜரு, 'தப்பு ஒம் புருசன் மேலன்னு நீயே எய்திக் குடுத்துக்கீறியே'ன்னானா! நான் ஒண்ணும் புரியாம நின்னுகினு இருந்தேன். அதுக்குக் கீய நானே கையெயுத்துப் போட்டேன்க்கா."

அவள் அழவில்லை. அழுதிருந்தாலும் தேவலை என்றிருந்தது டோரதிக்கு. அவள் விரலுக்கடியிலிருந்து தாளை உருவிக் கிழித்தாள். புதுத்தாள் செருகினாள்.

"நீ சொல்லு. சொல்றதை அப்படியே அடிக்கிறேன்."

நேரம் பிடித்தது. ஒவ்வொரு வரிக்கும் சொக்கம்மாள் குனிந்து படித்தாள். கயிறு வருகிற இடத்தில் 'உளுத்துப்போன' விட்டுப்போச்சு என்று சண்டை பிடித்தாள். டோரதி மறுபேச்சுப் பேசாமல் முதலிலிருந்து திரும்ப அடித்தாள்.

சாயங்காலம் சேட்டு வந்தார். டோரதி இங்கிலீஷ் மிஷினை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நல்லா யோசிச்சீங்களாம்மா? இதுல உங்க கை அவ்வளவு வேகமாச்சே."

"வேகந்தான் சேட்டு. இத்தினி வருஷமா எத்தினி செத்தவங்க மேல பழி போட்டு அடிச்சேனோ. பொண்டாட்டி, புள்ள, ஒருத்தராலயும் அதைப் படிக்க முடியல."